எட்டு மில்லிமீட்டர்

வீட்டுத் தரை ஆத்தங்குடிக் கல்.
சிவப்பு.
அதனால்தான் ஒரு வாரம் தெரியவில்லை.

மீனாள் விடிகாலை வெறுங்காலோடு மிதித்து
"ஈரமா இருக்கு" என்று துடைத்தாள்.
வெள்ளைத் துணியில் ஏறியது நிறம்.

சில்லறைக்குப் பதின்மூன்று வயது.
தேவகோட்டை ரஸ்தா கடைசி நடையில்
பின்சீட்டுக்கு அடியில் கிடந்தவன்.
அன்று பையில் கணக்கில் வராத ஏழு ரூபாய்,
கணக்கில் வராத ஒரு குட்டி.
ரூபாயை டிப்போவில் கட்டிவிட்டேன்.

இப்போது ராத்திரிக்கு ஐந்து தடவை எழுப்புகிறான்.
கருவேல மரத்தடியில் முதுகை வில்லாக வளைத்து
நிற்கிறான்,
நிற்கிறான்.
வருவது ஒரு கரண்டிகூட இல்லை.
வெண்டைக்காய் வழுவழுப்பாய் ஒரு கோடு,
முடிவில் ஒரு சொட்டு.
முடித்ததும் என்னைப் பார்ப்பான்
டிக்கெட் எடுக்காதவன் பார்க்கிற மாதிரி.

"மோர் ஊத்துங்க."
"கல்யாண வீட்டு எலும்பா இருக்கும்."
"வயசாச்சு, ஒரு ஊசி போட்டுட்டா நிம்மதி"
என்றார் எதிர்வீட்டு நாச்சியப்பன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.

டாக்டர் ஜெனிபா கேட்டார்:
எத்தனை தடவை? எவ்வளவு?
இரத்தம் முதலிலா, கடைசியிலா?
டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தை நீட்டினேன்.
பன்னிரண்டு நாள்.
3.10 சளி. 3.55 சும்மா முக்கல்.
4.40 இரத்தம், கடைசியில்.
இருபத்தாறு வருஷம்
நிறுத்தம் நிறுத்தமாக எழுதிய கை.
இரண்டு முறை படித்தார்.
"பெருங்குடல்தான். சிறுகுடலா இருந்தா
இந்நேரம் ஆளே கரைஞ்சிருப்பான்."

சாட்டைப்புழு முட்டை தேடினார்கள். இல்லை.
கையுறை விரல் உள்ளே தடவியபோது
சில்லறை என் மணிக்கட்டைக் கவ்வினான்;
கடிக்கவில்லை.
"எட்டின வரைக்கும் கட்டி இல்ல.
எட்டாத இடத்துக்கு ஒரத்தநாடு போகணும்."

என் பஸ்ஸில் நாய் ஏற்றக்கூடாது.
ஆம்னி வாடகைக்கு எடுத்தோம்.
முதல் நாள் பட்டினி, எனிமா, பிறகு மயக்க ஊசி.
நுனியில் விளக்கு வைத்த குழாய் போன வழியில்
திரை முழுக்கச் சிவந்த குகை;
தொட்ட இடமெல்லாம் கசிந்தது.
நாலு கிள்ளு சதை ஒரு புட்டியில்.
முடிவு வர ஒன்பது நாள்.
அந்த ஒன்பது நாளில்
இரண்டு பேருக்கு மீதி தப்பாகக் கொடுத்தேன்.

புற்று இல்லை. நாள்பட்ட அழற்சி.
அந்த வார்த்தைக்கு மீனாள் கைகூப்பியதை
டாக்டர் பார்க்காத மாதிரி இருந்தார்.

இதுவரை தின்னாத கறியாக இருக்க வேண்டுமாம்.
பள்ளத்தூர்ப் பண்ணையில் முயல்.
அவித்த பரங்கிக்காய், ஒரு கரண்டி இசப்கோல்,
வேளைக்கு ஒரு மஞ்சள் மாத்திரை.
"காரைக்குடியில
உப்பு, சோம்பு, கல்பாசி இல்லாம
கறி வேகவச்ச ஒரே பொம்பளை நான்தான்"
என்று அடுப்பைத் திட்டிக்கொண்டே கிண்டினாள்.

மூன்றாம் வாரம் ஒரே தடவை போனான்.
கெட்டியாக.
டார்ச் அடித்து அவளைக் கூப்பிட்டேன்.
இரண்டு பெரியவர்கள் குனிந்து நின்று
பேசாமல் பார்த்தோம்.

பிறகு கண்.
காலையில் பீளை ஒட்டி, மங்கலாக.
டாக்டர் இமைக்கடியில் ஒரு காகிதத்தைச் செருகினார்,
நான் கிழிக்கும் டிக்கெட்டைவிட ஒல்லி.
ஒரு நிமிடம் நின்றது.
பதினைந்துக்கு நனைய வேண்டும்.
எட்டு.
"அந்த மாத்திரை சிலருக்கு
கண்ணீரை எடுத்துக்கும்.
திரும்பி வரலாம். வராமலும் போகலாம்."

மாத்திரையை மாற்றியாயிற்று.
கண்ணுக்கு மூன்று வேளை சொட்டு,
புட்டி நூற்று அறுபது ரூபாய்.
முதல் நடைக்குக் கிளம்புமுன்
தாடையைப் பிடித்து நிமிர்த்துவேன்.
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.
மூக்கோரம் வழிந்ததை நக்கிக்கொள்வான்.

அவன் படுக்கிற இடத்தில் மீனாள்
என் பழைய வெள்ளை வேட்டியை விரித்திருக்கிறாள்.
எழுந்ததும் இருவரும் முதலில் பார்ப்பது அதை.
இன்று
ஒரு காலடி மண்.